வெல்டிங் புகை: எங்கே பிறக்கிறது, எங்கே பிடிப்பது

திருநெல்வேலியிலிருந்து பேட்டை வழியாகப் போனாலும் தச்சநல்லூர் வழியாகப் போனாலும், ஊர் முடிவதற்குள் நாலைந்து வெல்டிங் பட்டறைகளைக் கடந்துவிடுவோம். கிரில் கேட்டுகளும் பாதி முடிந்த மாடிப்படிக் கைப்பிடிகளும் சாலை ஓரம் வரை வந்து நிற்க, நடுவில் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஜாப்பின் மேல், அதாவது வெல்டு செய்யும் பொருளின் மேல், குனிந்திருப்பார். அவரிடம் புகையைப் பற்றிக் கேட்டால் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் மூன்றுதான்: "திறந்த வெளிதானே அண்ணாச்சி, ஒண்ணுஞ் செய்யாது", "பழகிப் போச்சு", "ராத்திரி ஒரு கட்டி வெல்லம் தின்னா எல்லாம் இறங்கிரும்". இம்மூன்றும் தவறு. ஏன் தவறு என்பதைப் புகை பிறக்கும் இடத்திலிருந்து தொடங்கிப் பார்த்தால், அதை எங்கே, எப்படித் தடுப்பது என்பதும் தானாகவே விளங்கிவிடும்.

கண் விஷயத்தில் இந்தக் குழப்பம் இல்லை. கருப்புக் கண்ணாடி இல்லாமல் ஒளியைப் பார்த்தவருக்கு அன்றிரவே கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும். ஒரு முறை பட்டவர் மறுநாள் கண்ணாடியைத் தேடி எடுப்பார். புகையோ பெரும்பாலும் அன்றைக்கே வலிப்பதில்லை, ஆகையால் அதற்கு யாரும் பயப்படுவதுமில்லை.

இதைப் புகை என்று அழைப்பதே பாதிக் குழப்பம்

விறகடுப்பில் எழுவது புகை. முழுதாக எரியாமல் போன விறகின் மிச்சம். இட்லிப் பானையின் மூடியைத் திறந்தவுடன் எழும் வெண்மூட்டம் வேறு வகை. பானைக்குள் கண்ணுக்குத் தெரியாத நீராவியாக இருந்தது, வெளியிலுள்ள குளிர்ந்த காற்றில் பட்டவுடன் நுண்ணிய நீர்த்துளிகளாகத் திரண்டு, நம் கண்ணுக்கு மூட்டமாகத் தெரிகிறது. வெல்டிங்கில் எழுவது இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. தண்ணீருக்குப் பதில் அங்கே கொதிப்பது இரும்பு.

ராடு என்பது உருகி இணைப்பை நிரப்பும், மேல்பூச்சுள்ள உலோகக் குச்சி. அதன் நுனிக்கும் ஜாப்புக்கும் இடையே தாவும் மின்வில்லின் வெப்பம் பல ஆயிரம் டிகிரி செல்சியஸ். இரும்பு உருகுவதற்கு 1,538 டிகிரி போதும். மின்வில் அதையும் தாண்டி, உலோகத்தின் ஒரு சிறு பங்கைக் கொதிக்கவைத்து ஆவியாக்கிவிடுகிறது. அந்த ஆவி மேலே எழுந்து, காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து, குளிர்ந்து, மிக நுண்ணிய தூளாக உறைகிறது. இந்த உறைந்த தூளும், ராடின் மேல்பூச்சு எரிவதால் வரும் பொருள்களும், கூடவே உண்டாகும் சில வாயுக்களும் சேர்ந்ததையே வெல்டிங் புகை என்கிறோம். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: தூளில் மிகப் பெரும்பகுதி ராடிலிருந்துதான் வருகிறது, ஜாப்பிலிருந்து வருவது கொஞ்சமே. ஆகவே, "சாதாரணக் கம்பிதானே வெல்டு பண்ணுறோம்" என்பது ஆறுதலாகாது. ராடில் என்ன இருக்கிறது என்பதே முதல் கேள்வி.

இந்தத் தூள் எவ்வளவு நுண்ணியது என்பதற்கு ஓர் அளவு தேவை. ஒரு மில்லி மீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். வெல்டிங் தூளின் துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவானவை. மிளகாய்ப் பொடி பறந்தால் மூக்கிலேயே சிக்கித் தும்மலாக வெளியேறிவிடும். இது அப்படிச் சிக்காமல், நுரையீரலின் கடைசி அறைகளான, இரத்தம் காற்றைத் தொடும் இடம் வரை போய்விடுகிறது.

இதுவரை சொன்னதன் சாரம்: வெல்டிங் புகை என்பது ஆவியாகி உறைந்த உலோகத் தூள், அது பிறப்பது ராடின் நுனியில், அதை வடிகட்ட மூக்கு போதாது.

அந்தத் தூளுக்குள் இருப்பது என்ன

நம் பட்டறைகளில் எம்எஸ் என்று அழைக்கப்படும் சாதாரண இரும்பில் எழுவது பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு, அதாவது ஒரு வகைத் துரு. அதோடு மாங்கனீசும் கலந்திருக்கும். பல ஆண்டுகள் அதிக அளவில் சுவாசித்தால் மாங்கனீசு நரம்பு மண்டலத்தைத் தாக்கி, கைநடுக்கம், நடையில் தளர்ச்சி போன்றவற்றை உண்டாக்கும். எஸ்எஸ் என்னும் துருப்பிடிக்காத எஃகில் குரோமியமும் நிக்கலும் சேர்கின்றன. மின்வில்லின் வெப்பத்தில் குரோமியத்தின் ஒரு பகுதி ஆறிணைதிறக் குரோமியம் என்னும் வடிவத்துக்கு மாறுகிறது. புற்றுநோய் உண்டாக்குவதாக நெடுங்காலமாக அறியப்பட்ட வடிவம் அது. பளபளவென்று மின்னும் எஸ்எஸ் கைப்பிடி சுத்தமான வேலை என்று தோன்றினாலும், நுரையீரலுக்கு எம்எஸ்ஸைவிட அதுவே கடுமையானது.

உலக சுகாதார அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 2017-இல் வெல்டிங் புகை முழுவதையும், எஸ்எஸ் என்றும் எம்எஸ் என்றும் பிரிக்காமல், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் சேர்த்தது. புகையிலைப் புகை இருப்பதும் இதே தொகுதியில்தான். இதன் பொருள் இரண்டும் ஒரே அளவு ஆபத்தானவை என்பதல்ல. புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்கான சான்று இரண்டிலும் உறுதியாக இருக்கிறது என்பதே. இதற்குப் பிறகு, 2019-இல் பிரிட்டனின் தொழிலிடப் பாதுகாப்புத் துறை, எம்எஸ் வெல்டிங்குக்கும் வெறும் பொதுக் காற்றோட்டம் போதாது என்று தன் நிலையை மாற்றிக்கொண்டது.

ஜிஐ பைப்பின் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் "பழகிப் போச்சு" என்னும் நம்பிக்கை அங்கிருந்துதான் முளைக்கிறது. ஜிஐ என்பது துத்தநாகம் பூசிய இரும்பு. துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதாவது, அடியிலுள்ள இரும்பு உருகத் தொடங்குவதற்கு முன்பே மேலுள்ள பூச்சு ஆவியாகிப் போய்விடும். அடர்ந்த வெண்புகை எழுவதும், வேலை முடிந்தபின் இணைப்பைச் சுற்றி இலவம்பஞ்சுபோல் வெள்ளைப் பிசிறுகள் ஒட்டியிருப்பதும் இதனால்தான். எனக்குத் தெரிந்த ஒருவர் நாங்குநேரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் சித்திரை மாதத்தில் பகல் முழுவதும் ஜிஐ பைப்பில் பந்தல் அடித்தார். மாலையில் நாக்கில் இனிப்பும் கசப்புமாக ஓர் உலோகச் சுவை. இரவு எட்டு மணிக்கு, ஊரே வெக்கையில் வாசலில் படுத்திருக்கும்போது, அவர் மட்டும் இரண்டு போர்வைக்குள் பல்லைக் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டு கிடந்தார். வீட்டில் மலேரியா என்றே நினைத்தார்கள். மறுநாள் மதியம் எழுந்து சோறு சாப்பிட்டார்.

இதற்கு உலோகப் புகைக் காய்ச்சல் என்று பெயர். புகையைச் சுவாசித்துச் சில மணி நேரம் கழித்து வந்து, ஓரிரு நாளில் தானே இறங்கும். நாள்தோறும் ஜிஐ வேலை செய்பவருக்கு இரண்டு மூன்று நாளில் உடல் ஒருவிதமாகத் தாங்கிக்கொண்டு காய்ச்சல் வராமல் நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுத்தால் அந்தத் தாங்கும் திறன் கரைந்து, திங்கட்கிழமை மறுபடி வரும். பழகிப்போவது காய்ச்சல் மட்டுமே. நுரையீரலுக்குள் போகும் தூளின் அளவு திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் ஒன்றுதான்.

வெல்லத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். வெல்லம் போவது உணவுக்குழாய் வழியாக, புகை போவது மூச்சுக்குழாய் வழியாக. தொண்டையில் பிரிந்த இந்த இரண்டு பாதைகளும் அதன்பின் சந்திப்பதில்லை. பாலுக்கும் வாழைப்பழத்துக்கும் இதே நியாயம்தான். சாப்பிடுவதில் குற்றமில்லை, சாப்பிட்டதால் தடுப்பு ஆயிற்று என்று நினைப்பதில்தான் இருக்கிறது.

எவ்வளவு வரை

இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987-இல் சேர்க்கப்பட்ட அட்டவணை, வெல்டிங் புகைக்கு எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 5 மில்லி கிராம் என்னும் வரம்பை வைத்தது. ஓர் அரிசி மணியின் எடை ஏறத்தாழ 20 மில்லி கிராம் என்று கொண்டால், அதில் கால் பங்கை ஒரு மீட்டர் நீள, அகல, உயரமுள்ள காற்றில் தூவியது போன்ற அளவு இது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி, பத்தடி உயரமுள்ள ஒரு பட்டறையின் கொள்ளளவு ஏறத்தாழ 34 கன மீட்டர். ராடு நிமிடத்துக்கு 200 மில்லி கிராம் தூளை எழுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். கை வெல்டிங்குக்கு இது பொருந்தாத எண் அல்ல. மழைக்காக ஷட்டரை இறக்கிவிட்டு வேலை செய்தால், அந்த அறை முழுவதும் வரம்பைத் தொடுவதற்கு ஒரே ஒரு நிமிட எரிப்பு போதும். அறை முழுவதற்குமான சராசரி இது. ராடுக்கு நேர் மேலே இருக்கும் முகத்துக்கு வருவது இதைப் போல் பல மடங்கு.

இந்த 5 என்னும் எண்ணைத் தாண்டாவிட்டால் ஆபத்தில்லை என்றும் எடுத்துக்கொள்ளலாகாது. புற்றுநோய் உண்டாக்கும் பொருளில் முடிந்தவரை குறைப்பதே முறை.

முதலில், எழுப்பாமல் இருப்பது

கட்டுப்பாடு என்றவுடன் மாஸ்க்கை நினைப்பதுதான் இதில் நடக்கும் பெரிய பிழை என்பது என் கருத்து. வீட்டில் கொசு நுழைந்தால் முதலில் தேங்கிய தண்ணீரைக் கொட்டுகிறோம், பிறகு ஜன்னலுக்கு வலை அடிக்கிறோம், கடைசியில்தான் போர்வையை இழுத்து மூடுகிறோம். மாஸ்க் என்பது அந்தப் போர்வை.

எழும் புகையைக் குறைக்கப் பணம் அதிகம் தேவையில்லை. மெஷினில் கரண்டைத் தேவைக்கு மேல் ஏற்றினால் புகை கூடும். மெல்லிய 12 நம்பர் ராடுக்கு, அதைவிடத் தடித்த 10 நம்பர் ராடின் கரண்டை வைத்து ஓட்டுவது வேகமாகத் தோன்றினாலும், உலோகத்தை இணைப்பதைவிட அதிகமாக ஆவியாக்குவதில்தான் முடியும். ராடின் நுனிக்கும் ஜாப்புக்கும் உள்ள இடைவெளி நீண்டாலும் அப்படியே. பெயின்ட், ரெட் ஆக்சைடு, துத்தநாகம் ஆகிய எந்தப் பூச்சையும் இணைப்பின் இரு பக்கமும் ஓரிரு அங்குலத்துக்கு நீக்கிவிட்டே தொடங்க வேண்டும்; பூச்சை அரைத்து எடுக்கும்போது அந்தத் தூளுக்கும் மாஸ்க் வேண்டும். வேலையின் வரிசையை மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது: துத்தநாகம் பூசாத கருப்புப் பைப்பில் வெல்டு செய்துவிட்டுப் பிறகு பூச்சு கொடுப்பது. கிரீஸ் நீக்கக் குளோரின் கலந்த கரைப்பானால் துடைத்த ஜாப்பை நன்றாக உலர்த்தாமல் தொடவே கூடாது, ஏனெனில் மின்வில் அந்த ஆவியைப் பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவாக மாற்றிவிடக் கூடும்.

திறந்த வெளியும் பாலத்தின் தூணும்

சூடான புகை நேர் மேலே எழும். ஒருவர் மூக்கையும் வாயையும் சுற்றி ஏறத்தாழ ஓர் அடி தூரத்துக்குள் உள்ள காற்றைத்தான் அவர் சுவாசிக்கிறார். இதைச் சுவாச வட்டம் என்று வைத்துக்கொள்வோம். தரையில் கிடக்கும் ஜாப்பின் மேல் குத்துக்காலிட்டுக் குனிந்தால், சுவாச வட்டம் புகைத்தூணின் நடுவிலேயே போய் அமர்ந்துவிடுகிறது. மேலே கூரை இல்லை என்பதால் அதில் மாற்றமில்லை. ஜாப்பை இடுப்பு உயர ஸ்டாண்டில் ஏற்றி, தலையைச் சற்றுப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டாலே நிலைமை வெகுவாக மாறும்.

காற்றின் திசை இதைவிட நுட்பமானது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் அனுப்பும் காற்றில் பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் மின்வில்லை நிலையாக நிறுத்துவதே கடினம். ஆகவே வெல்டர் காற்றுக்கு முதுகைக் காட்டி உட்காருவார். காற்று புகையை முன்னால் தள்ளிக்கொண்டு போய்விடும் என்றும் நினைப்பார். தாமிரபரணியின் மேல் 1843-இல் திறக்கப்பட்ட சுலோச்சன முதலியார் பாலத்தின் மேல் நின்று, நீர் ஓடும் நாளில் தூண்களைப் பார்த்தால் உண்மை விளங்கும். தூணில் மோதிய நீர் இரண்டாகப் பிரிந்து ஓடினாலும், தூணுக்குப் பின்னால் சுழி உண்டாகி, நுரையும் சருகும் ஆற்றோடு போகாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். காற்றுக்கு முதுகு காட்டியவரின் உடலும் ஒரு தூண்தான்; சுழி உண்டாகும் இடம் அவர் நெஞ்சுக்கும் ஜாப்புக்கும் நடுவில்; அதில் சுழல்வது புகை. முதுகுக்குப் பின்னால் பெடஸ்டல் ஃபேன் வைப்பவருக்கும் இதே கதிதான். காற்று இடமிருந்து வலமாகவோ வலமிருந்து இடமாகவோ குறுக்கே போகுமாறு உட்காருவதே சரி. இணைப்பைச் சுற்றிப் பாதுகாப்பு வாயுவைப் பாய்ச்சிச் செய்யும் மிக், டிக் போன்ற முறைகளில் அந்தக் காற்று அவ்வாயுவைக் கலைத்து இணைப்பில் துளைகள் விழச் செய்யும் என்பதால் இடையில் ஒரு தடுப்பும் தேவைப்படும்.

இதைச் சோதிக்கக் கருவி வாங்க வேண்டாம். மெஷினை அணைத்துவிட்டு, வேலை செய்யும் நிலையிலேயே உட்கார்ந்து, ராடு இருக்கும் இடத்தில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடித்தால் புகை எந்தப் பக்கம் போகிறது என்பது தெரிந்துவிடும். முகத்துக்கு வந்தால், ஸ்டாண்டைத் திருப்பிப் போட வேண்டும்.

சுருங்கச் சொன்னால், கேட்க வேண்டியது "இடம் திறந்திருக்கிறதா" என்பதல்ல, "புகை போகும் வழியில் முகம் இருக்கிறதா" என்பதுதான்.

ஊதினால் அணையும், உறிஞ்சினால் அணையாது

உள்ளே செய்யும் வேலைக்கும் எஸ்எஸ் வேலைக்கும் புகையை உறிஞ்சி எடுக்கும் அமைப்பு தேவை. சுவரின் உச்சியில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேனை மாட்டிவிட்டால் முடிந்தது என்று பலர் நினைப்பார்கள். அது அறையின் பழைய காற்றை மெல்ல மாற்றும். பக்கத்தில் நிற்பவருக்கு உதவும். ஆனால் ராடுக்கும் ஃபேனுக்கும் நடுவில் இருப்பது வெல்டரின் முகம். புகை அதைக் கடந்துதான் மேலே போகிறது.

குத்துவிளக்கின் சுடரை ஒரு முழம் தள்ளி நின்றே ஊதி அணைத்துவிடலாம். அதே தூரத்திலிருந்து மூச்சை உள்ளிழுத்து அணைக்க எவராலும் ஆகாது. ஊதும் காற்று ஒரே திசையில் கூராகப் பாய்கிறது. உறிஞ்சும்போதோ காற்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவதால், வாயிலிருந்து சற்றே விலகினாலும் இழுவை சரிந்துவிடும். உறிஞ்சு குழாயிலும் இதே கணக்கு: குழாய் வாயின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளினாலே, காற்றின் வேகம் வாயில் இருந்ததில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிவிடும். ஆறு அங்குலக் குழாயின் வாய் இணைப்பிலிருந்து ஆறு அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். ஓரடி தள்ளி வைத்தால் மோட்டார் இரைவதுதான் மிச்சம். வாயைச் சுற்றி அகலமான ஒரு தகட்டு விளிம்பை வைத்தால் பின்பக்கத்துக் காற்று வருவது தடைப்பட்டு இழுவை சற்றுக் கூடும். பட்டறையிலேயே அரை மணியில் செய்துகொள்ளக் கூடியது.

புகை எழும் இடத்தில் நொடிக்கு அரை மீட்டர் வேகம் கிடைத்தால் பிடித்துவிடலாம். இது நாம் சாதாரணமாக நடக்கும் வேகத்தில் பாதிகூட இல்லை என்பதால், பாதுகாப்பு வாயுவையும் பெரிதாகக் கலைப்பதில்லை. குழாயின் மறுமுனை வெளியே, யாரும் நில்லாத உயரத்தில் திறக்க வேண்டும். பக்கத்து டீக்கடைக்குள் அல்ல. நாம் முன்பு பார்த்த சட்டத்தின் 14-ஆம் பிரிவு, உறிஞ்சும் கருவியைத் தூசும் புகையும் பிறக்கும் இடத்துக்கு இயன்றவரை அருகில் வைக்க வேண்டும் என்று 1948-லேயே எழுதிவிட்டது. நீள கேட்டுகளில் வேலை நகர நகரக் குழாயையும் நகர்த்த வேண்டியிருப்பதுதான் நடைமுறைச் சிக்கல். அதை நகர்த்துவது கையாளின் வேலை என்று முதலிலேயே வைத்துவிட்டால் மறப்பதில்லை.

கடைசியில்தான் மாஸ்க்

தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் கட்டுவது, மீன்வலையை விரித்துக் கொசு பிடிப்பது போன்றது; நூல்களுக்கு இடையிலுள்ள துளை துகளைவிட எத்தனையோ மடங்கு பெரியது. மருத்துவமனை மாஸ்க்கின் ஓரங்கள் திறந்தே இருப்பதால் அதுவும் பயன்படாது. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 9473-இன்படி எஃப்.எஃப்.பி. 2 அல்லது 3 என்று குறிக்கப்பட்ட மாஸ்க், அல்லது என்95 வகை, கன்னத்தோடு ஒட்டி அமர்ந்தால் மட்டுமே தூளைத் தடுக்கும். தாடி இருந்தால் அமராது. ஹெல்மெட்டுக்குள் அடங்குகிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும், இல்லையென்றால் பத்தாவது நிமிடத்தில் கழற்றி மேசையில் வைக்கப்படும். ஜாப்பைப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கும் ஒன்று வேண்டும். அவன் மூக்கும் அதே புகைத்தூணுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

இந்த மாஸ்க்குகள் தடுப்பது தூளை மட்டுமே. அலுமினியத்திலும் எஸ்எஸ்ஸிலும் டிக் வெல்டிங் செய்யும்போது தூள் குறைவு, ஆனால் மின்வில்லின் புறஊதாக் கதிர் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஓசோனாக மாற்றுகிறது. தொண்டை கமறி இருமல் வந்தால் அதுதான் காரணமாக இருக்கலாம். உறிஞ்சு குழாய் அதையும் இழுத்துவிடும், மாஸ்க் விட்டுவிடும்.

தொட்டிக்குள் இறங்கும்போது

மேலே சொன்னதில் எதுவும் தண்ணீர்த் தொட்டி, டேங்கர் போன்ற மூடிய இடத்துக்குப் போதாது. பாதுகாப்பு வாயுவாகப் பயன்படும் ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் காற்றைவிடக் கனமானவை. அவை அடியில் தேங்கி, சுவாசிக்கும் ஆக்சிஜனை மேலே தள்ளிவிடும். அவற்றுக்கு மணமோ நிறமோ கிடையாது, ஆர்கானில் மூச்சுத் திணறலே தோன்றாமல் மயக்கம் வந்துவிடும். இறங்குவதற்கு முன் ஆக்சிஜன் அளவை மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். வேலை முடியும் வரை வெளிக்காற்றைக் குழாய் வழியே உள்ளே செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கு வெறும் காற்றுதான், ஒருபோதும் ஆக்சிஜன் சிலிண்டர் அல்ல, ஏனெனில் ஆக்சிஜன் மிகுந்தால் உடுத்திய துணியே ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். உணவு இடைவேளையில் வெல்டிங் டார்ச்சையும் வாயுக் குழாயையும் தொட்டிக்குள் விட்டுவிட்டு வரக் கூடாது. மெல்லக் கசிந்தாலும் ஒரு மணி நேரத்தில் அடி நிறைந்துவிடும். உள்ளே இறங்குபவரின் இடுப்பில் கயிறு, வெளியே அந்தக் கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டு ஓர் ஆள். உள்ளிருப்பவர் குரலுக்குப் பதில் தராவிட்டால், வெளியே நிற்பவர் கயிற்றை இழுக்க வேண்டும், ஆள் கூப்பிட வேண்டும். தான் உள்ளே இறங்கக் கூடாது.